கிரால் ஸ்பேஸ் ஷீட்: விரிப்பது சுலபம், இணைப்பை அடைப்பதுதான் வேலை

வாசகர் கேள்வி – பதில்

அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் வீடு வாங்கிய வாசகர்களிடமிருந்து கிரால் ஸ்பேஸ் பற்றிக் கேள்விகள் வந்தபடி இருக்கின்றன. மண் தரைக்கும் வீட்டின் மரத் தளத்துக்கும் நடுவே, தவழ்ந்து மட்டுமே போக முடிகிற இரண்டு மூன்றடி உயர இடம் அது. மண்ணின் ஈரம் மேலே ஏறாமலிருக்க அங்கே பாலித்தீன் ஷீட் விரிக்கிறார்கள். அந்த ஷீட்டின் இணைப்புகளை அடைப்பது பற்றிய கேள்விகளை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொள்கிறோம்.

பில்டர் போட்ட 6 மில் ஷீட் (மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு தடிமன்) ஒன்றன்மேல் ஒன்றாக விரித்தபடி கிடக்கிறது. டேப் எதுவும் கிடையாது. "இதுவே போதும்" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். இணைப்புகளை ஒட்டியே ஆக வேண்டுமா?
– வாசகர், கேரி, வட கரோலைனா

அவர் சொல்வதில் பாதி சரி. மண்ணிலிருந்து ஈரம் ஆவியாக ஊடுருவுவது, எவ்வளவு பரப்பு மூடாமல் கிடக்கிறது என்பதைப் பொறுத்தது. 1,200 சதுர அடியில் 60 சதுர அடி திறந்திருந்தால், மற்ற 95 சதவீதம் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது. ஓவர்லாப்பில் இரண்டு ஷீட்டும் படிந்து கிடந்தால் அந்த இடுக்கு வழியே வரும் ஆவி சொற்பம். சுவரில் காற்றுத் துளைகள் திறந்திருக்கும் பழைய பாணி கிரால் ஸ்பேஸுக்கு இது ஓரளவு போதும்.

துளைகளை மூடி, கிரால் ஸ்பேஸை வீட்டின் ஒரு பகுதியாக ஆக்கும்போது கணக்கு மாறிவிடுகிறது. சூடான காற்று வீட்டின் மேல்பகுதி வழியே வெளியேற, அதற்கு ஈடாகக் கீழிருந்து காற்றை வீடு இழுக்கும். அந்த இழுப்பில் மண்ணுக்குள் இருக்கும் காற்றும், மண் வாடையும், மண்ணிலிருந்து கிளம்பும் கதிரியக்க ராடான் வாயுவும் ஷீட்டின் ஒட்டாத ஓரங்கள் வழியே மேலே வரும். பரப்பளவு சின்னதாக இருந்தாலும் காற்றோட்டத்துக்கு ஒரு கீறல் போதும். இன்னொன்று, ஒட்டாத ஷீட் இருந்த இடத்தில் இருக்காது. பிளம்பரும் ஏசி மெக்கானிக்கும் ஆளுக்கொரு முறை தவழ்ந்துவிட்டுப் போனால் 6 அங்குல ஓவர்லாப் விலகி மண் தெரியும்.

அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்கள் பின்பற்றும் ஐஆர்சி கட்டட விதித்தொகுப்பின் 408ஆம் பிரிவு, காற்றுத் துளை இல்லாத கிரால் ஸ்பேஸுக்கு இப்படிச் சொல்கிறது: ஷீட்டின் ஓவர்லாப் 6 அங்குலம் இருக்க வேண்டும், அது அடைக்கப்பட்டோ டேப் ஒட்டப்பட்டோ இருக்க வேண்டும், ஓரம் சுவரில் குறைந்தது 6 அங்குலம் ஏறி அங்கே ஒட்டப்பட்டிருக்க வேண்டும். வட கரோலைனாவுக்கு மூடிய கிரால் ஸ்பேஸ் பற்றித் தனிப் பிரிவே உண்டு. வேலை தொடங்கும் முன் கவுன்ட்டி கட்டட அலுவலகத்தில் ஒருமுறை கேட்டுவிடுங்கள். 6 அங்குலம் என்பது விதி கேட்கும் குறைந்தபட்சம்தான். மேடு பள்ளமான மண்ணில் 12 அங்குலத்துக்குக் குறையாமல் விடச் சொல்வோம்.

30-க்கு 40 அடி கிரால் ஸ்பேஸ். குறுக்கே 10 அடிக்கு ஒன்றாக இரண்டு வரிசைத் தூண்கள், வரிசைக்கு ஐந்து. பழைய ஷீட்டை எடுத்துவிட்டு 12 மில் ஷீட் போடப் போகிறோம். டேப் எத்தனை ரோல் வாங்குவது? எந்த வரிசையில் வேலை செய்வது?
– வாசகி, ராலே, வட கரோலைனா

உங்கள் தூண்கள் நல்ல இடத்தில் நிற்கின்றன. 12 அடி அகல ஷீட்டை 40 அடி நீளவாக்கில் மூன்று விரிப்பாகப் போடுங்கள். இணைப்பு இரண்டும் சரியாகத் தூண் வரிசைமேல் விழட்டும். நடு ஷீட் இரு பக்கமும் வரிசையைத் தாண்டி ஓரடி போகும். ஓர ஷீட்டும் அதேபோல் ஓரடி தாண்டி உள்ளே வரும். தூண்களுக்கு நடுவே இரண்டடி ஓவர்லாப் கிடைக்கும். தூண் வரும் இடத்தில் ஷீட்டின் ஓரத்தில் ஒரு வெட்டு கொடுத்தாலே போதும், நடு ஷீட்டில் தூணுக்காக நீளக் கிழிசல் போட வேண்டி வராது.

இப்போது டேப் கணக்கு. தரை இணைப்பு இரண்டும் சேர்ந்து 80 அடி. பலர் இதை மட்டும் கணக்கிட்டு ஒரே ரோலோடு வந்துவிடுகிறார்கள். சுவர் ஷீட் தரை ஷீட்டைச் சந்திக்கும் சுற்றளவு 140 அடி. 16 அங்குலச் சதுரத் தூணைச் சுற்றி 6 அங்குல விளிம்பு வைத்துச் சட்டை (தூணைச் சுற்றிக் கட்டும் ஷீட் கீற்று) மாட்டினால், விளிம்பின் சுற்றளவு தூணுக்கு 9 அடிக்குச் சற்று மேல். பத்துத் தூணுக்கு 93 அடி. மொத்தம் 313 அடி. சேதாரம் 10 சதவீதம் சேர்த்தால் 345. நாலு அங்குல அகலத்தில் 180 அடி ரோல் பரவலாகக் கிடைக்கிறது. இரண்டு ரோல் மயிரிழையில் போதும், மூன்று வாங்குங்கள். ஓவர்லாப்புக்குள் வைக்கும், ரப்பர்போல் பிசுபிசுப்பான இருபக்க பியூட்டைல் டேப், 50 அடி ரோலாக இருந்தால், தரைக்கும் சுவர் ஓரத்துக்குமாக ஐந்து வேண்டும். ஷீட் 12-க்கு 100 அடி ரோல் இரண்டு: தரைக்கு 126 அடி போக மீதியைச் சுவருக்கும் தூணுக்கும் கீற்றாக நறுக்கிக்கொள்ளலாம். சுவரிலும் தூணிலும் ஒட்ட பாலியூரித்தேன் சீலன்ட் (இடுக்கை அடைக்கும் பசை): பென்சிலைவிடச் சற்றுக் கூடுதல் தடிமனுக்கு, அதாவது எட்டில் மூன்று அங்குலத்துக்கு, 10 அவுன்ஸ் டியூப் ஒன்று 13 அடி ஓடும், 190 அடிக்குப் பதினைந்து டியூப்.

முதலில் கூர்மையான கல், உடைந்த செங்கல், பழைய மரத்துண்டு எல்லாவற்றையும் வெளியேற்றுங்கள். மண்ணுக்குள் புதைந்த மரம் கரையானுக்கு வழி. பிறகு சுவர் ஷீட், அடுத்துத் தூண் சட்டை, கடைசியில் தரை. தரையை முதலில் போட்டால் முடித்த இணைப்பின்மேலேயே முட்டி போட்டு மீதி வேலையைச் செய்ய வேண்டியிருக்கும்.

சுவர் ஷீட்டின் மேல் ஓரம், சுவர்மேல் படுத்திருக்கும் மரச் சட்டத்துக்கு 3 அங்குலம் கீழேயே நிற்கட்டும். அந்த இடைவெளி கரையான் பரிசோதகர் கண்ணால் பார்ப்பதற்கு. அதை மூடினால் பல பூச்சிக்கட்டுப்பாட்டு நிறுவனங்கள் உத்தரவாதத்தை ரத்து செய்துவிடும். கான்கிரீட் பிளாக் சுவரைக் கம்பி பிரஷால் தேய்த்து, தூசியை வேக்யூமால் எடுத்து, சீலன்ட் ஓட்டி, ஷீட்டை அழுத்தி, அடிக்கு ஒன்றாகத் துளையிட்டு நைலான் பின் அடியுங்கள். சீலன்ட் இல்லாமல் பின் மட்டும் அடித்தால் நடுவிலெல்லாம் ஷீட் தொங்கும்.

தரை இணைப்புக்கு இரண்டு பேர் வேண்டும். மேல் ஷீட்டை மடக்கிவிட்டு, கீழ் ஷீட்டை முதலில் காய்ந்த துணியாலும் பிறகு ரப்பிங் ஆல்கஹால் நனைத்த துணியாலும் துடைத்து உலர விடுங்கள். மேல் ஷீட்டின் அடிப்பக்கத்தையும் அப்படியே. பலர் மறக்கும் பக்கம் இதுதான். மேல் ஷீட்டின் ஓரம் எங்கே விழுமோ அதிலிருந்து 3 அங்குலம் உள்ளே பியூட்டைல் டேப்பை ஒட்டுங்கள். அதன் பின்காகிதத்தை ஒரே இழுப்பில் உரிக்காமல் ஐந்தைந்தடியாக உரித்து, ஒருவர் மேல் ஷீட்டை இறக்க, மற்றவர் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தடவிக்கொண்டே வர வேண்டும். பிறகு நாலு அங்குல டேப், மேல் ஷீட்டின் ஓரத்தில் இரண்டு அங்குலம், கீழ் ஷீட்டில் இரண்டு அங்குலம்.

டேப்பைக் கையால் தடவினால் போதாது, ரோலரால் அழுத்த வேண்டும். ஆனால் அடியில் இருப்பது பொலபொலவென்ற மண். அழுத்த அழுத்த உள்ளே போகும். நாலடிப் பலகை ஒன்றை இணைப்புக்கு அடியில் செருகி, அதன்மேல் வைத்து உருட்டி, முடிந்ததும் பலகையை அடுத்த நாலடிக்கு நகர்த்துங்கள். இந்த ஒரு பலகை தரும் பிடிப்பை விலை கூடிய டேப்பும் தராது.

ஷீட்டை விறைப்பாக இழுத்துப் போடாதீர்கள். பாலித்தீன் குளிரில் நன்றாகச் சுருங்கும். வெப்பநிலை 27 டிகிரி ஃபாரன்ஹீட் இறங்கினால் 40 அடி ஷீட் ஓர் அங்குலத்துக்கு மேல் குறையும். கோடையில் விறைப்பாக ஒட்டியது ஜனவரியில் சுவரிலிருந்து பிய்ந்து நிற்கும். அழகாக இல்லாவிட்டாலும் கொஞ்சம் தொய்வு விடுங்கள்.

நுண்தூசியையும் வடிகட்டும் பி100 முகக்கவசம், முட்டிக் காப்பு, கிரவுண்ட் ஃபால்ட் பாதுகாப்புள்ள (மின்கசிவு வந்தால் தானே துண்டிக்கும்) மின் இணைப்பு, வாசலில் ஒரு மின்விசிறி, வெளியே ஓர் ஆள். இவை இல்லாமல் உள்ளே போக வேண்டாம்.

தூணைச் சுற்றி ஷீட்டை எப்படித்தான் அடைப்பது? எவ்வளவு ஒட்டினாலும் மூலையில் வாய் பிளக்கிறது. குழாய்கள் இன்னும் மோசம்.
– வாசகர், ஷார்லட், வட கரோலைனா

மூலைதான் விஷயம். ஒரு கீற்றைத் தூணைச் சுற்றிக் கட்டி, அதன் அடிப் பாகத்தை வெளியே மடக்கித் தரையில் படுக்க வைக்கிறோம். மடங்க வேண்டுமென்றால் நாலு மூலையிலும் ஒரு வெட்டு போட்டாக வேண்டும். வெட்டிய விளிம்புகள் விரிந்து, ஒவ்வொரு மூலையிலும் வெறும் முக்கோணம் ஒன்று தெரியும். அதை டேப்பால் மட்டும் மூடப் பார்த்தால், தட்டையான டேப் மூன்று தளம் சந்திக்கும் இடத்தில் படியாது. சுருங்கி வாய் திறக்கும்.

ஷீட்டில் 6 அங்குலச் சதுரத் துண்டு ஒன்று வெட்டுங்கள். நாலு முனைகளையும் கத்தரியால் வட்டமாக்குங்கள். கூர்முனை எப்போதும் முதலில் கிளம்பும். ஒரு பக்கத்தின் நடுவிலிருந்து மையம் வரை வெட்டி, மூலையின் கீழ்ப்புள்ளியில் மையத்தை வைத்து, வெட்டின் இரு சிறகுகளும் தூணின் இரு முகங்களில் ஏற, மீதி தரை விளிம்பில் படியுமாறு உட்கார வையுங்கள். மையப்புள்ளிக்கு அடியில் கட்டைவிரல் நகமளவு பியூட்டைலை உருட்டி வையுங்கள். அது பிசின்போல் இளகி அந்தக் கடைசித் துளையை அடைத்துக்கொள்ளும். அதன்மேல்தான் டேப். சட்டையின் மேல் ஓரத்துக்கு, தூணை நன்றாகத் தேய்த்துவிட்டுச் சீலன்ட். தூண்மேல் நேராக டேப் ஒட்டுவது வீண். சிமென்ட் தூசியில் அக்ரிலிக் பசை ஒட்டாது.

குழாய்க்கு, அதன் விட்டத்தைவிடக் கால் அங்குலம் சின்னதாக நட்சத்திர வெட்டு கொடுத்த ஓரடிச் சதுரத் துண்டை மேலிருந்து இறக்குங்கள். இறக்க வழியில்லாத குழாயென்றால் துண்டை ஒரு பக்கம் கிழித்து மாட்டி, கிழிசலை ஒட்டிவிடுங்கள். நட்சத்திரத்தின் இதழ்கள் குழாயை ஒட்டி மேலே நிற்கும். அவற்றைச் சுற்றி பியூட்டைல் ஒரு சுற்று, மேலே டேப் ஒரு சுற்று. டேப்பைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி ஒட்டினால் வளைவில் படியும். பக்கத்துப் பக்கத்தில் மூன்று நாலு குழாய் இருந்தால் தனித்தனியாக மல்லுக்கட்டாமல், எல்லாவற்றுக்குமாக ஒரே துண்டை வெட்டி, இடுக்குகளைச் சீலன்ட்டால் நிரப்புங்கள்.

சிலிகானை மட்டும் எடுக்காதீர்கள். பாலித்தீன்மேல் அது பிடிக்காது. காய்ந்த பிறகு ரப்பர் நாடாவாக உரிந்து வரும்.

போன ஜனவரியில் எல்லா இணைப்பையும் டேப் ஒட்டினோம். ஆகஸ்டில் பார்த்தால் பாதிக்கு மேல் கிளம்பி நிற்கிறது. டேப் கெட்டதா, நாங்கள் ஒட்டிய விதம் கெட்டதா?
– வாசகர், கிரீன்வில், தென் கரோலைனா

கிளம்பிய டேப்பைத் திருப்பிப் பாருங்கள், பதில் அங்கேயே இருக்கும். பசையில் மண் நிறம் ஏறியிருந்தால் ஷீட்டைத் துடைக்காமல் ஒட்டியிருக்கிறீர்கள். பசை பளபளவென்று சுத்தமாக இருந்தால் குளிரோ ஈரமோ காரணம். பசை பொடிப்பொடியாக உதிர்ந்தாலோ, துணி வேறு பசை வேறாகப் பிரிந்தாலோ அது சாம்பல் நிற டக்ட் டேப். ரப்பர் பசை கொண்ட அந்த டேப் இந்த வேலைக்கு உரியதே அல்ல, நாளாவட்டத்தில் காய்ந்துவிடும்.

ஜனவரி என்பதால் குளிரைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். பல அக்ரிலிக் டேப்புகள் 50 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே சரியாகப் பிடிக்காது. ஒட்டும்போது ஒட்டினதுபோல் இருக்கும். பசை இளகி ஷீட்டின் பரப்போடு இழையாது. எந்த வெப்பநிலைவரை ஒட்டலாம் என்பது ரோலின் அட்டையில் இருக்கும், பார்த்து வாங்குங்கள். காலையில் ஷீட்டின்மேல் கண்ணுக்குத் தெரியாத பனி ஈரமும் இருக்கும். கன்னத்தைக் கிட்டே கொண்டுபோனால் குளிர்ச்சி தெரியும். டேப்பை ரோலிலிருந்து இழுத்து விறைப்பாக ஒட்டுவதும் கெடுதல்: நீண்ட டேப் பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்த்து, நுனியிலிருந்து கிளம்ப ஆரம்பிக்கும்.

பழைய டேப்பின்மேல் புது டேப் ஒட்டாதீர்கள். எல்லாவற்றையும் உரித்துப் பசைக் கறையைச் சுரண்டுவதும் நாள் கணக்கில் இழுக்கும். தளர்ந்ததை மட்டும் உரித்துவிட்டு, புது ஷீட்டில் ஓரடி அகலக் கீற்று வெட்டி, பழைய இணைப்பின்மேல் மூடி போட்டாற்போல் வையுங்கள். கீற்றின் இரு ஓரத்துக்கு அடியிலும், அதாவது பழைய பசை படாத சுத்தமான ஷீட்டில், பியூட்டைல். மேலே புது டேப். மேல் ஷீட் சுருங்கி ஓரத்தில் அலையாக நிற்கும் இடங்களை அழுத்தி ஒட்டப் பார்க்காதீர்கள். அலையை நடுவே வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைத்து, அதன்மேல் எல்லாப் பக்கமும் 6 அங்குலம் தாண்டும் ஒட்டுத் துண்டு போடுங்கள்.

முழுவதையும் தொடங்கும் முன், ஒரு சாண் டேப்பை நீங்கள் துடைத்த விதத்திலேயே ஒட்டி மறுநாள் உரித்துப் பாருங்கள். ஷீட்டே இழுபட்டு நீண்டால் தைரியமாகத் தொடரலாம்.

எல்லாம் ஒட்டி முடித்த ஒரு மாதத்தில் ஷீட்டுக்கு அடியில் முத்து முத்தாக நீர். இணைப்பு ஒழுகுகிறதா?
– வாசகி, ரிச்மண்ட், வர்ஜீனியா

அடியில் நீர் நின்றால் ஷீட் வேலை செய்கிறது என்று பொருள். மண்ணின் ஈரம் மேலே வர முடியாமல் அங்கே தங்கி நிற்கிறது. குட்டையாகத் தேங்கி ஷீட்டைத் தூக்கினால் மட்டும் மழைநீர் உள்ளே வருகிறதென்று கொண்டு, கூரைத் தண்ணீர்க் குழாயின் வாய் சுவரை விட்டுத் தள்ளி விடுகிறதா, வெளி மண் வீட்டை நோக்கிச் சரிகிறதா என்று பாருங்கள். அதை டேப்பால் தீர்க்க முடியாது.

ஷீட்டுக்கு மேலே நீர் தெரிந்தால்தான் கவலைப்பட வேண்டும். குழாய்க் கசிவு, ஏசி குழாயின் வியர்வை, அல்லது திறந்த காற்றுத் துளை. ரிச்மண்ட் கோடையில் வெளியே 88 டிகிரி ஃபாரன்ஹீட், ஈரப்பதம் 65 சதவீதம் என்று வையுங்கள். அந்தக் காற்று 75 டிகிரிக்குக் குளிர்ந்தாலே நீர் பிரியும். கிரால் ஸ்பேஸின் தரையும் ஏசி குழாயும் அதைவிடக் குளிர்ச்சி. இணைப்பை எவ்வளவு கச்சிதமாக அடைத்தாலும், துளை திறந்திருந்தால் ஈரம் வெளிக்காற்றோடு வந்துகொண்டே இருக்கும்.

அப்படியானால் காற்றுத் துளைகளை உடனே மூடிவிடலாமா? உள்ளே கேஸ் வாட்டர் ஹீட்டர் இருக்கிறது.
– வாசகர், நாக்ஸ்வில், டென்னசி

மூடாதீர்கள், அந்த ஹீட்டருக்கு ஒரு வழி செய்யும் வரை. எரிவதற்கான காற்றைச் சுற்றியுள்ள இடத்திலிருந்து இழுக்கும் பழைய வகை ஹீட்டர் என்றால், துளையை மூடியதும் புகை திரும்பி உள்ளே வரலாம். கார்பன் மோனாக்சைடு உயிரை எடுக்கும். வெளிக்காற்றைத் தன் குழாய் வழியாகவே எடுத்துப் புகையையும் வெளியேவிடும் வகைக்கோ மின்சாரத்துக்கோ மாற்றிய பிறகுதான் துளையில் கை வைக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடு அலாரம் எப்படியும் வேண்டும்.

அது முடிந்தால், மூடுவது நல்லதே. வட கரோலைனாவின் பிரின்ஸ்வில் ஊரில் அட்வான்ஸ்டு எனர்ஜி என்ற அமைப்பு 12 வீடுகளை ஒப்பிட்டுப் பார்த்தது. மூடிய கிரால் ஸ்பேஸ்கள் உலர்ந்திருந்ததோடு, வீட்டைக் குளிரூட்டும், சூடாக்கும் செலவும் 15 சதவீதம் அல்லது அதற்கு மேல் குறைந்தது. ஆனால் துளையை மூடிவிட்டுச் சும்மா விடக்கூடாது. ஐஆர்சி விதி கேட்பவற்றில் ஒன்று வேண்டும்: 50 சதுர அடிக்கு நிமிடத்துக்கு 1 கன அடி வீதம் வீட்டுக் காற்றைக் கொடுப்பது, அதே அளவு காற்றை வெளியே தள்ளும் விசிறி, அல்லது 1,000 சதுர அடிக்கு நாளொன்றுக்கு 70 பைன்ட் (சுமார் 33 லிட்டர்) நீரைக் காற்றிலிருந்து எடுக்கும் டீஹியூமிடிஃபையர். மூடும் முன், தளத்தைத் தாங்கும் ஜாயிஸ்ட் மரங்களில் ஈர மீட்டரைக் குத்திப் பாருங்கள். 19 சதவீதத்துக்கு மேல் காட்டினால் முதலில் உலர்த்துங்கள்.

ராடான் சோதனையில் 6 வந்தது. இணைப்பை இறுக்கமாக அடைத்தால் போதுமா?
– வாசகர், ஜான்ஸ் க்ரீக், ஜார்ஜியா

போதாது. நடவடிக்கை எடுக்கச் சொல்லி அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை (ஈபிஏ) வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 4 பிகோக்யூரி (கதிரியக்க அளவு). அதை எட்டினாலோ தாண்டினாலோ ஷீட்டுக்கு அடியில் துளையிட்ட குழாய் ஓட்டி, விசிறி வைத்து, மண்ணின் காற்றைக் கூரைக்கு மேலே கொண்டுபோய் விட வேண்டும். ராடான் வேலைக்குச் சான்று தரும் என்ஆர்பிபி அல்லது என்ஆர்எஸ்பி அமைப்பின் சான்று பெற்றவர்களிடம் கொடுங்கள். இணைப்பு இங்கே இரட்டிப்பு முக்கியம்: ஓட்டை இருந்தால் விசிறி மண்ணை விட்டுவிட்டு வீட்டுக் காற்றை இழுக்கும். ஐஆர்சியின் ராடான் பின்னிணைப்பு கேட்கும் ஓவர்லாப்பே 12 அங்குலம். விசிறி ஓடும்போது ஷீட் மண்ணோடு ஒட்டிப் படிய வேண்டும். சீலன்ட் முழுக்கக் காய்ந்து வாடை போன பிறகு, ஊதுபத்திப் புகையை இணைப்பு நெடுக, நெருப்பு ஷீட்டில் படாமல் கொண்டுபோங்கள். புகை எங்கே கீழே இழுபடுகிறதோ அங்கே ஓட்டை. முடித்ததும் மறுபடி ராடான் சோதனை செய்யுங்கள்.

ஏசி மெக்கானிக் தவழ்ந்ததில் ஷீட் ஒரு முழம் கிழிந்துவிட்டது. முழு விரிப்பையும் மாற்றணுமா?
– வாசகி, டர்ஹம், வட கரோலைனா

வேண்டாம். முனை வட்டமாக்கிய துண்டு, எல்லாப் பக்கமும் 6 அங்குலம் கூடுதல், அடியில் பியூட்டைல், ஓரத்தில் டேப். மிஞ்சிய ஷீட்டில் பத்தடியும் அரை ரோல் டேப்பும் ரோலரும் ஒரு மூடிய பெட்டியில் கிரால் ஸ்பேஸ் கதவருகே இருக்கட்டும். அடுத்த முறை யாராவது உள்ளே போகும்போது தவழும் வழியில் பழைய கம்பளமோ ஃபோம் பலகையோ போட்டுவிடுங்கள்.